லியர் அரசன்
ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகம். 1606 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன் நடிக்கப்பட்டது. நாட்டை மகள்களுக்குப் பங்கிட்டு, முகஸ்துதி பேசாத கடைக்குட்டி கார்டீலியாவை விரட்டி, மற்ற இருவரால் நடுத்தெருவுக்கு வரும் கிழவனின் கதை. 1681-இல் கவிஞர் நேஹம் டேட் முடிவைச் சுபமாக மாற்றினார். 1838-இல் நடிகர் மக்ரெடி மூலத்தை மீட்டார். மீட்டதே நியாயம். புயல் காட்சியில் மல்லுக்கட்டி ஓய்ந்த லியர் வேட நடிகர், இறுதியில் மகளின் பிணத்தை ஏந்தி வருகிறார். அவள் உதட்டருகே இறகைப் பிடித்து, அது அசைகிறது என்கிறார். இறந்துவிட்டாள் என்று தெரிந்தும் பார்வையாளர் அந்த இறகையே உற்றுப் பார்க்கிறார்கள். முதுமையும் சொத்தும் பிள்ளைகளும் உள்ள எந்த வீட்டுக்கும் இக்கதை அந்நியமல்ல. நடிகர் கில்குட் 1931-இல், முப்பதைத் தொடுமுன்பே, லியராக நடித்தார். நடிகை கிளெண்டா ஜாக்சன் 2016-இல் 80 வயதில் அதே வேடத்தில் நடித்தார்.