வேட்டை எப்போது திருட்டானது?

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. காப்புக்காட்டை ஒட்டிய ஊரில் முயலுக்கோ காட்டுப்பன்றிக்கோ கண்ணி வைத்தவர்கள் பிடிபட்டார்கள். வனத்துறையினர் வரிசையாக நிற்க, அவர்களுக்கு முன்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பவர்களின் படம் இருக்கும். அபராதத் தொகையும் இருக்கும். அவர்களுக்கு நிலம் உண்டா, முந்தைய மாதம் வேலை கிடைத்ததா, ஏன் காட்டுக்குப் போனார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரியை எழுத நூற்றைம்பது ஆண்டு வரலாறு தேவைப்படுகிறது தோழர்களே.

நீலகிரியிலிருந்து தொடங்கலாம். 1877ல் அங்கே வெள்ளையர்கள் ஒரு வேட்டைச் சங்கம் அமைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1879ல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்குகள் மீது இரக்கம் வந்து இயற்றிய சட்டம் அல்ல அது. துப்பாக்கியோடு வரும் துரைகளுக்குச் சுட விலங்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காக வந்தது. பருவம் பார்த்து, உரிமம் வாங்கிச் சுட்டால் அது வீர விளையாட்டு. வயிற்றுக்காக வலையும் கண்ணியும் வைத்தால் அது கொடூரம். அதே காலத்தில் புலியைக் கொன்று வருபவனுக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு 1882ல் சென்னை வனச்சட்டம் வந்தது. காடுகள் 'காப்புக்காடு' ஆயின. அனுமதியில்லாமல் நுழைவது, மாடு மேய்ப்பது, விறகு எடுப்பது, கண்ணி வைப்பது எல்லாம் குற்றமாயின. முந்தைய நாள்வரை கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, முயல் பிடித்துத் தின்றவர் மறுநாள் அதையே செய்தபோது திருடர் ஆனார். மாறியது அவர் கை அல்ல, சட்டம்.

இதோடு செங்கல்பட்டையும் வைத்துப் பாருங்கள். 1891ல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்று உங்களுக்கே தெரியும். ஊரில் நிலம் இல்லை, காட்டில் உரிமை இல்லை. இந்த இரண்டு கதவுகளும் மூடிய இடத்தில் நின்றவர்கள்தான் அதே மாவட்டத்து இருளர்கள்.

இருளர்களுக்குக் கைவந்த தொழில்கள் சில உண்டு. வயலில் எலி வளை தோண்டி எலியையும், அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பார்கள். மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே பாம்பு எந்தப் பொந்தில் இருக்கிறது என்று சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவுக்கு ஒரு சந்தை வந்தது: பாம்புத் தோல். ஐரோப்பாவின் கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் இங்கிருந்து தோல் போனது. பாம்பைப் பிடித்தவருக்குச் சில்லறை, வியாபாரிக்கும் ஏற்றுமதியாளருக்கும் லாபம். சட்டப்படி நடந்த வியாபாரம்தான் அது.

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புகள் அழிந்துகொண்டிருந்தன, தடை அவசியமானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தடையின் சுமை யார் தலையில் விழுந்தது? வியாபாரி வேறு தொழிலுக்குப் போனார். இருளருக்குப் போக இடமில்லை. அதே 1976ல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்று அந்த வழக்குகளைப் படித்தால் தெரியும். வேட்டையை விட்டவனுக்கு நாடு காட்டிய மாற்று வேலை அதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் நமக்கு முக்கியமானது. 1978ல், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்க 1972 சட்டத்தின் 12ஆம் பிரிவு அனுமதி தருகிறது. வடநெம்மேலியில் வேலை தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அந்த விஷம் போகிறது. அதே கை, அதே அறிவு. பாம்பும் சாகவில்லை, மனிதரும் பிழைக்கிறார்.

2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. சட்டம் வேறு வழி காட்டாமல் விட்டிருந்தால், அவர்களும் அந்த நாளிதழ்ப் படத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள்தான்.

ஆனால் இந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசு அனுமதி தீர்மானிக்கிறது. அனுமதி தாமதமானால் அடுப்பு எரியாது. சங்கத்துக்கு வெளியே இருக்கும் பெரும்பான்மைக்கு இதுவும் இல்லை. சாதிச் சான்றிதழுக்கே அலுவலகம் அலுவலகமாக அலையும் குடும்பங்கள் அவை.

சட்டம் நினைத்தால் விலக்கு தரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நிக்கோபார் பழங்குடிகளின் வேட்டை உரிமையை 1972 சட்டத்தின் 65ஆம் பிரிவு தொடாமல் விட்டது. மற்றவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் மரபு உரிமைகளை அங்கீகரித்தபோது, வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. அந்த விலக்கு சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் அதே சட்டம் தருவதாகச் சொன்ன நிலப் பட்டாவும், சிறு வனப் பொருள்களை எடுக்கும் உரிமையும் கைக்கு வராமல், தடை மட்டும் உடனே அமலாவது எந்த நியாயம்?

தந்தத்துக்கும் புலித்தோலுக்கும் ஆள் வைத்துக் கொல்லும் கும்பலை நாம் ஆதரிக்கவில்லை. அந்த வியாபாரத்திலும் பிடிபடுவது பெரும்பாலும் காட்டில் கண்ணி வைத்த கூலி ஆள்தான், வாங்கியவர் அல்ல என்பதைச் சொல்கிறோம். பசிக்கு முயல் பிடித்தவர், பயிரைத் தின்ற பன்றிக்கு வெடி வைத்தவர், தரகரின் முன்பணத்துக்காகப் போனவர் மூவரும் ஒரே குற்றவாளிகள் அல்ல. ஒரே தண்டனையால் மூன்றும் நிற்கப்போவதும் இல்லை.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது பகிர்வதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். அவருக்கு நிலம் உண்டா? சாதிச் சான்றிதழ் உண்டா? வன உரிமைக்கு மனு கொடுத்தாரா, அது எந்த மேசையில் கிடக்கிறது? பிடித்ததை வாங்க இருந்தவர் யார்? சட்டம் படிக்கும் மாணவர்கள் கைதானவரின் ஊருக்கு ஒருமுறை போய் வாருங்கள். செய்தியில் இல்லாத அந்த ஒரு வரி அங்கேதான் இருக்கிறது.