திருப்பதியில் வேலை கிடைச்சிருக்கு, குடிபெயரலாமா? வேலை, வெயில், வீடு, பிள்ளைகள் படிப்பு: என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஆஃபர் லெட்டரில் 'பணியிடம்: திருப்பதி' என்று பார்த்ததும் பலர் மனதில் ஓடும் கணக்கு இதுதான்: "சென்னையைவிட செலவு கம்மி. டிராஃபிக் கம்மி. மலையடிவாரம், காத்து நல்லா இருக்கும். வீக் எண்டுக்கு ஊருக்கும் வந்துடலாம்."

இதில் வேலை பற்றிய நம்பிக்கை பெரும்பாலும் சரி. கடந்த பதினைந்து ஆண்டுகளில் தமிழக எல்லையை ஒட்டிய இந்தப் பகுதி பெரிய தொழிற்பேட்டையாகவே மாறிவிட்டது. ஆனால் காற்று பற்றிய கணக்கு தப்பு. இந்தப் பகுதியில் வேலை இருக்கும் இடம் ஒன்று, வெயில் குறைந்த இடம் வேறொன்று. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நம்பி வீட்டைக் காலி செய்பவர்கள்தான் முதல் மே மாதத்திலேயே ஏமாந்துபோகிறார்கள்.

எந்த 'திருப்பதி'?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவில் 13 மாவட்டங்கள் 26 ஆகப் பிரிக்கப்பட்டன. அப்போது பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்து திருப்பதி தனி மாவட்டமானது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த கூடூர், சூலூர்பேட்டை பகுதிகளும் அதில் சேர்ந்தன. அதனால் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும் இன்று திருப்பதி மாவட்டம்தான். தடா அருகே உள்ள ஸ்ரீசிட்டியும் அப்படித்தான்.

ஸ்ரீசிட்டி சென்னையில் இருந்து வடக்கே சுமார் 55 கி.மீ. திருப்பதி நகரத்தில் இருந்து அங்கே போக அதைவிடக் கூடுதல் தூரம். அதாவது உங்கள் கம்பெனி ஸ்ரீசிட்டியில் இருந்தால், திருப்பதியில் வீடு பார்ப்பது வீண் வேலை. 'திருப்பதி' என்று கடிதத்தில் இருந்தால் எந்த மண்டலம், எந்த ஊர் என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஒரு சின்ன வரலாற்றுத் தகவல். ஸ்ரீசிட்டியை ஒட்டிய சத்தியவேடு பகுதி 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் பிரச்சினைக்குத் தீர்வாக அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. சத்தியவேடு, நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் பக்கமெல்லாம் கடைத்தெருவில் இன்றும் தமிழ் சர்வசாதாரணமாகக் காதில் விழுவதற்கு இந்த எல்லைக் கதை முக்கியக் காரணம்.

வேலை எங்கே இருக்கிறது?

முதலாவது, ஸ்ரீசிட்டி - சத்தியவேடு பகுதி. 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் இசுஸு, மாண்டலீஸ், பெப்சிகோ, கோல்கேட், கோபெல்கோ, டைகின், ப்ளூ ஸ்டார் எனப் பல நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் ஓடும் ரயில் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை ஆல்ஸ்டாம் தயாரித்ததும் இங்கேதான். 2025 மே மாதம் எல்ஜி நிறுவனம் சுமார் 5,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. சத்தியவேடு பக்கம் ஹீரோ மோட்டோகார்ப், அப்போலோ டயர்ஸ் ஆலைகள் உள்ளன. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், குவாலிட்டி, சப்ளை செயின், மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு இது நல்ல களம்.

இரண்டாவது, திருப்பதியை ஒட்டிய ரேணிகுண்டா - கரகம்பாடி. அமரான் பேட்டரி செய்யும் அமர ராஜாவின் தாய்வீடு கரகம்பாடி. நிறுவனம் 1985-ல் தொடங்கியது. விமான நிலையம் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்திப் பூங்காக்கள் இருக்கின்றன. டிக்சன், டிசிஎல் போன்ற பெயர்களை இங்கே பார்க்கலாம்.

மூன்றாவது, திருப்பதி நகரமும் அதன் சுற்றுப்புறமும். ஐஐடி, ஐசர் இரண்டும் 2015-ல் வந்தன. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-ல் இருந்தே இருக்கிறது. ஸ்விம்ஸ் மருத்துவமனை, மகளிர் பல்கலைக்கழகம் என ஆசிரியர், ஆராய்ச்சியாளர், மருத்துவத் துறையினருக்கு வாய்ப்பு இங்கேதான்.

சித்தூர் நகரத்தில் மாம்பழக் கூழ் ஆலைகள் நிறைய. ஆனால் அது சீசன் வேலை.

இந்தப் பட்டியலில் ஓ.எம்.ஆர் மாதிரி மென்பொருள் நிறுவன வரிசை கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் பேச வேண்டியது இதுதான். ஒருவருக்கு ஸ்ரீசிட்டியில் 30 சதவீதம் சம்பளம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மற்றவர் தாம்பரம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டு வந்தால் அவருக்கு இங்கே அதே அளவு வேலை கிடைக்குமா? வீட்டில் இருந்தே வேலை செய்யலாம் என்றால் அது எழுத்தில் இருக்கிறதா, மேனேஜர் வாய்வார்த்தையா? கூடும் சம்பளத்தை மட்டும் பார்த்து, நிற்கப்போகும் சம்பளத்தை மறந்துவிடுகிற குடும்பங்கள் இருக்கத்தான் செய்கின்றன. இன்னொன்று, உங்கள் வேலையே இரண்டு வருடத்தில் பிடிக்காமல் போனால், பக்கத்திலேயே மாறிக்கொள்ள எத்தனை நிறுவனம் உண்டு? ஸ்ரீசிட்டியில் உண்டு. ரேணிகுண்டாவில் குறைவு. சித்தூரில் இன்னும் குறைவு.

வெயில் எப்படி?

திருப்பதி நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 160 மீட்டர் உயரம்தான். ஏழுமலை மேலே குளிராக இருக்கலாம். நீங்கள் குடியிருக்கப் போவது கீழே. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து காப்பாற்றும். திருப்பதிக்கு அந்தக் காற்று வருவதற்குள் தெம்பு போய்விடும். பகலெல்லாம் சூடேறிய சேஷாசலப் பாறைகள் ராத்திரியிலும் அனலை விடும். புழுக்கம் சென்னையைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் வெயிலுக்குப் பயந்து சென்னையை விட்டு வருபவருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை.

ஸ்ரீசிட்டி பழவேற்காடு ஏரிக்கு அருகில் இருப்பதால் அங்கே வெயிலும் புழுக்கமும் ஏறக்குறைய சென்னை மாதிரியேதான்.

அப்படியானால் நல்ல 'கிளைமேட்' எங்கே? மேற்கே, பீடபூமி ஏறினால் கிடைக்கும். பலமநேர், குப்பம், மதனப்பள்ளி எல்லாம் ஏறத்தாழ 680 - 700 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். அந்தக் கணக்கில் திருப்பதியைவிடப் பலமநேரில் மூன்று டிகிரிக்கு மேல் குறைவாக இருக்க வேண்டும். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் சுமார் 1,265 மீட்டர் உயரத்தில் ஹார்ஸ்லி ஹில்ஸ் இருக்கிறது. பெங்களூருவின் காற்றில் பாதியாவது இந்த ஊர்களில் வீசும் என்று சொல்லலாம்.

ஆனால் மேலே சொன்ன தொழிற்சாலைகள் எதுவும் அந்த ஊர்களில் இல்லை. குப்பம் சென்னை - பெங்களூரு ரயில் பாதையில் இருப்பதால், பெங்களூருவில் வேலை வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போக வேண்டியவருக்கு அது பொருந்தலாம். ஸ்ரீசிட்டியிலோ ரேணிகுண்டாவிலோ ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு அது கனவுதான்.

மழையையும் சேர்த்துப் பாருங்கள். 2021 நவம்பரில் கொட்டிய மழையில் திருப்பதியின் தாழ்வான தெருக்கள் மூழ்கின. மலைப்பாதைகள் மூடப்பட்டன. ராயலசெருவு ஏரி உடையுமோ என்ற அச்சத்தில் கீழே இருந்த கிராம மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடு பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி, "அந்த வருஷம் இந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு வந்துச்சு?" என்பதே.

எங்கே தங்கலாம்?

ஸ்ரீசிட்டிக்காரர்களுக்கு உண்மையில் குடிபெயரவே தேவை இல்லாமல் போகலாம். சென்னை புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி தடா, சூலூர்பேட்டை வரை போகிறது. கும்மிடிப்பூண்டியில் தங்கினால் நீங்கள் தமிழ்நாட்டில்தான் இருப்பீர்கள். ரேஷன் கார்டு, பள்ளி, வண்டிப் பதிவு எதையும் மாற்ற வேண்டாம். என் கருத்தில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும். கம்பெனி பஸ் எந்த நிறுத்தம் வரை வருகிறது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திருப்பதி நகரத்தில் வீடு பார்ப்பவர்கள் பக்தர் கூட்டத்தை மறக்கக் கூடாது. பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி நாட்களில் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட் சுற்றியுள்ள தெருக்களில் நடமாடுவதே சிரமம். ரேணிகுண்டாவில் வேலை என்றால் கரகம்பாடி சாலைப் பக்கம் பார்ப்பது வசதி.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. திருப்பதி - பாகாலா - காட்பாடி ஒற்றை ரயில் பாதையை 104 கி.மீ. தூரத்துக்கு இரட்டைப் பாதையாக்கும் 1,332 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் அந்தப் பாதையை நம்பி இன்றே தினசரிப் பயணத் திட்டம் போட வேண்டாம்.

75 சதவீதச் சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று 2019-ல் ஆந்திரா சட்டம் இயற்றியது. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். இந்தச் சட்டத்தை எதிர்த்து ஆந்திர உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. ஹரியானா கொண்டுவந்த இதேபோன்ற சட்டத்தை பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது.

அனுபவம் உள்ள இன்ஜினியர்களைவிட, புதிதாகச் சேரும் ஐடிஐ, டிப்ளமோக்காரர்கள்தான் இதை அதிகம் கவனிக்க வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தால், சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும், நிரந்தரம் ஆக வழி உண்டா, அதில் சொந்த மாநிலம் பார்க்கப்படுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். கேட்கத் தயங்கி, இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதில் பயன் இல்லை.

பிள்ளைகள் படிப்பு, சாதிச் சான்றிதழ்

பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். ஆந்திர மாநிலக் கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள் 'லோக்கல்' மாணவர்களுக்கு. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு சேர்த்து தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தப் பகுதியில் படித்திருந்தால் லோக்கல். இந்த விதி 1974-ல் இருந்து இருக்கிறது. அரைகுறையாக இரண்டு வருடம் மட்டும் ஆந்திராவில் படித்த பிள்ளை அங்கே லோக்கல் ஆகாது.

தமிழ்நாட்டுப் பக்கமும் இழப்பு உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

பட்டியல் சாதியினர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், பிறந்த மாநிலச் சான்றிதழை வைத்துப் புதிய மாநிலத்தின் இட ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகவே தமிழ்நாட்டு நேட்டிவிட்டி சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். பிள்ளை எட்டாவது முடிக்கும் முன், எந்த மாநிலத்தில் கல்லூரி என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது.

வரி, வண்டி

தொழில் வரி ஆந்திராவில் மாதாமாதம் பிடிப்பார்கள். 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் மாதம் 200 ரூபாய். பிஎஃப் கணக்குக்குப் பழைய யுஏஎன் எண்ணே போதும்.

டிஎன் நம்பர் வண்டியை 12 மாதங்களுக்கு மேல் ஆந்திராவில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓ அலுவலகத்தில் என்ஓசி வாங்க வேண்டும், அங்கே மீண்டும் ஆயுள் வரி கட்ட வேண்டும், இங்கே கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். புது வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால், உங்கள் நிறுவனத்துக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிஎச் வரிசை எண் கேட்கலாம். மறுபடி சென்னைக்கே மாற்றல் வந்தாலும் மறுபதிவு வேலை இருக்காது.