அப்பாயி சொன்ன விதி

எங்க அப்பாயிக்கு 13 வயதில் கல்யாணம். தலைப்பிரசவத்தில் மூன்று நாள் வலி, பிள்ளை தங்கவில்லை. "எல்லாம் விதி" என்று கடைசிவரை சொல்வார்.

சட்டம் அப்போதே இருந்தது. 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது. 1949-ல் அது 15 ஆச்சு, 1978-ல் 18 ஆச்சு. ஆனாலும் எங்க அம்மாவுக்கு 16-ல் தாலி ஏறியது, எனக்கு 17-ல். எங்க ஊர் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. மேலே படிக்க பஸ் ஏறணும். வயசுப் பிள்ளையை எப்படி அனுப்புறது என்று பயம். வயசு ஏறினால் நகையும் கூடக் கேட்பார்கள் என்று கவலை.

நான் மாசமாக இருந்தபோது ரத்தம் குறைவு. குழந்தையும் எடை குறைவாகப் பிறந்தது. "உன் உடம்பே இன்னும் வளர்ந்து முடியலையேம்மா" என்றார் நர்ஸம்மா. இடுப்பெலும்பு முழுசா வளராத பெண்ணுக்குப் பிள்ளை வெளியே வரமுடியாமல் தாய் உயிரே போவதும் உண்டு என்றார். அப்பாயிக்கு நடந்தது விதி இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சட்டத்தோடு கையில் வழியும் வேணும். எங்க குழுவில் இப்போது பிள்ளைகள் படிப்புக்கும் கடன் கொடுக்கிறோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு 2022 முதல் அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. குழந்தைத் திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள், சகோதரிகளே.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எங்க வீட்டில் தாலி இல்லாமல் 18 வயதைத் தாண்டப்போகிற முதல் பெண் அவள்தான்.