பிரசவத்துக்கு யார் பில் கட்டுவது?

எங்க பாட்டிக்கு ஐந்து பிரசவம். ஐந்தும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். "எவ்ளோ செலவாச்சு?"ன்னு கேட்டா, "ரிக்‌ஷாக்காரனுக்குக் குடுத்ததுதான்"னு சிரிப்பாங்க. போன வருஷம் அக்காவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன். பில் 90,000 ரூபாயைத் தாண்டியது. அப்பா பி.எஃப். பணத்தில் கை வைத்தார். பி.காம். படிக்கிற எனக்கு ஒரே கேள்வி: அதே பிரசவத்துக்கு ஏன் இத்தனை விலை வித்தியாசம்?

தேடிப் பார்த்தால் கதை 1940களுக்குப் போகிறது.

முதலில் அமெரிக்கா. 1942-ல் யுத்தச் சமயத்தில் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. காப்பீட்டுக்கு மட்டும் விலக்கு. ஆள் கிடைக்காத கம்பெனிகள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. 2018-20 கணக்குப்படி, பெரிய கம்பெனிக் காப்பீடு உள்ளவர்களுக்கே கர்ப்பம், பிரசவம் எல்லாம் சேர்த்து சராசரி 18,900 டாலர் ஆனது. அதில் சுமார் 2,850 டாலர் குடும்பத்தின் கையிலிருந்து!

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி, பிரசவச் செலவை வரிப்பணத்தில் சேர்த்துவிட்டது.

இங்கே? சர் ஜோசஃப் போர் தலைமையிலான குழு, பணமில்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 1946-ல் அறிக்கை கொடுத்தது. நாடு முழுக்க அது நடக்கவில்லை. ஆனால் சென்னைக்கு ஒரு பழைய அஸ்திவாரம் இருந்தது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. எங்க பாட்டி போன ராயபுரம் ஆஸ்பத்திரி, சவலை ராமசாமி முதலியாரின் கொடையில் வந்தது. அதான் அவர் பெயர். பிறகு அரசே தாய்க்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான ஏழைக் கர்ப்பிணிகளுக்கான உதவி 2006-ல் 6,000 ரூபாய், 2018-ல் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய்.

ஆனா ஒண்ணு. இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. செலவு வேறு கணக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான். சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியிலும் யாரோ ஒருவரின் பிரசவம் இருக்கிறது. துணைக்கு இருப்பவரின் நாள்கூலி எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொரு கணக்கும் உறுத்துகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன். தனியாரில் 64 சதவீதம். சிக்கலான கேஸ்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அப்படியும் ஏன் இந்த இடைவெளி? அக்காவுக்கு அவசியமா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பில் போடுகிறவரே முடிவும் எடுக்கிற இடத்தில், கேள்வி கேட்கும் தைரியம் எங்க வீட்டில் யாருக்கும் வரவில்லை.

அடுத்தது அரசு ஆஸ்பத்திரிதான் என்கிறாள் அக்கா. "அந்தக் கூட்டத்துலயா?" என்கிறார் மாமா. நான் அப்பாவின் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கிறேன்.

உங்க பாட்டிகளிடமும் கேட்டுப் பாருங்க, மக்களே. உங்க வீட்டுக் கணக்கையும் சொல்லுங்க.