தனியார் பாதுகாப்பு (அரசுக்கு மாற்றாக)

காவலையும் நீதியையும் அரசிடமிருந்து அல்லாமல், சந்தையில் போட்டியிடும் நிறுவனங்களிடமிருந்து விலைக்குப் பெறலாம் என்னும் கருத்து. பெல்ஜியத்தில் பிறந்த பொருளியலாளர் குஸ்தாவ் தெ மொலினாரி 1849இல் ஒரு கட்டுரையில் இதை வாதிட்டார். 20ஆம் நூற்றாண்டில் முர்ரே ரோத்பார்டும் டேவிட் ஃப்ரீட்மனும் வளர்த்தெடுத்தனர்.

1979இல் ஃப்ரீட்மன் எடுத்துக்காட்டிய சான்று இடைக்கால ஐஸ்லாந்து. ஏறத்தாழ 930 முதல் 1262 வரை அங்கே மன்னரும் இல்லை, காவல்படையும் இல்லை. கோடைதோறும் திங்வெத்லிர் சமவெளியில் அல்திங் அவை கூடும். சட்டம் உரைப்பவர் பாறைமேட்டில் நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, சட்டம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார். குடியானவர் தமக்கு விருப்பமான 'கோதி' என்னும் தலைவரைச் சார்ந்திருக்கலாம், பிடிக்காவிட்டால் மாறலாம். அந்தத் தலைமைப் பதவியே வாங்கவும் விற்கவும் கூடிய சொத்து. தீர்ப்பை நிறைவேற்றுவது வென்றவரின் பாடு. ஆள்பலம் இல்லாத ஏழை தன் வழக்கை வலியவருக்குக் கைமாற்றிவிடலாம். எளியவருக்கும் நீதி கிட்ட வழிவைத்த இந்த ஏற்பாடே அம்முறையின் மிகச் சிறந்த கூறு.

எனினும் 13ஆம் நூற்றாண்டில் பதவிகள் சில குடும்பங்களிடம் குவிந்து, உள்நாட்டுப் போர் மூண்டது. 1262–64இல் ஐஸ்லாந்தினர் நார்வே மன்னருக்குப் பணிந்தனர். போட்டியிடும் காவல் நிறுவனங்களுள் ஒன்று மேலோங்கி அரசாகவே மாறும் என்று மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974இல் எழுதியதற்கு இது வலுச்சேர்க்கிறது. இக்கருத்தின் ஆதரவாளர்களோ இந்தச் சரிவுக்கு 1097இல் வந்த தேவாலய வரியைக் குறைசொல்வர்: தேவாலயங்களை உடைமையாகக் கொண்ட தலைவர்களுக்கு, தம்மைச் சார்ந்த குடியானவர் விலகினாலும் குறையாத வருமானத்தை அது தந்தது.