எந்தப் புள்ளி யாருடையது? மார்க்கர்வழி அசைவுப் பதிவில் ஆள் பிரித்தறிதலின் வளர்ச்சி

முன்னுரை

அசைவுப் பதிவுக் கூடத்தில் இருவர் கட்டித் தழுவுகிறார்கள். சுற்றியுள்ள கேமராக்களுக்கு அது ஒளிப்புள்ளிகளின் ஒரே கூட்டம். உடையில் ஒட்டிய மார்க்கர் உருண்டை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். தான் யாருடைய மணிக்கட்டு என்று சொல்லாது. அந்த அடையாளத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

உடையும் கண்ணும்

1880களில் பாரிசில் எத்தியென்-ஜூல் மாரே, கறுப்பு உடை அணிந்தவரின் கைகால்களில் வெள்ளைக் கோடுகள் பொருத்தி, ஒரே தகட்டில் தொடர் படங்கள் எடுத்தார். இரு கால்களின் தடங்களும் குழம்பாதிருக்க, உடலின் ஒரு பாதியைக் கறுப்பாகவே விட்டார். 1891இல் லைப்சிக் நகரில் பிரவுனேயும் ஃபிஷரும் ஒரு படைவீரரின் உடலில் ஒளிரும் கெய்ஸ்லர் குழாய்களைக் கட்டி, நடையை முப்பரிமாணத்தில் அளந்தனர். இவை ஒற்றை ஆளைப் பற்றிய ஆய்வுகள். இடம், வலம் பிரிப்பதே அன்றைய சிக்கல்.

1973இல் உப்சாலாவின் குன்னர் ஜோஹான்சன், மூட்டுகளில் வைத்த பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் அசைந்தாலே மனிதக் கண் அதை நடை என அறிந்துகொள்வதை வெளியிட்டார். சேர்ந்து ஆடும் இருவரின் புள்ளிகளையும் பார்வையாளர்கள் இரு உடல்களாகவே கண்டனர். கண்ணுக்கு எளிதான இந்தப் பிரிப்பு, கணினிக்கு நெடுங்காலம் கைவரவில்லை.

ஒளியில் பதித்த பெயர்

1970களில் ஸ்வீடனில் உருவான செல்ஸ்பாட் கருவி நேரடி வழியை எடுத்தது. ஒளியுமிழ் டையோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டதால், எரியும் தருணமே ஒவ்வொன்றின் பெயரானது. எத்தனை பேர் நின்றாலும் குழப்பமில்லை. ஆனால் உடலில் கம்பிகளைச் சுமக்க வேண்டியிருந்தது. புள்ளிகள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கும்.

எலும்பில் கண்ட பெயர்

பிரதிபலிக்கும் உருண்டைகள் இச்சுமையை நீக்கின. பெயரையும் உடன் நீக்கின. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பதிவகத்தில் ஓர் ஆளுக்கு 41 மார்க்கர்கள், நொடிக்கு 120 படங்கள். இருவர் ஒரு நிமிடம் அசைந்தால் 5,90,400 புள்ளிகளுக்குப் பெயரிட வேண்டும்.

விடை உடலுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொருவரும் முதலில் தனியே நின்று கைகளை விரித்துக் காட்டுகிறார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலான நீளம் எவ்வளவு அசைந்தாலும் ஏறத்தாழ மாறாது. அந்த நீளங்களே அவரது கையெழுத்து. 2000ஆம் ஆண்டளவில் லோசானில் ஹெர்டாவும் உடனாய்வாளர்களும், எலும்புக்கூட்டு மாதிரியைக் கொண்டு மறைந்த மார்க்கரின் இடத்தை ஊகித்தனர். ஆனால் ஒரே உடல்வாகு கொண்ட இருவருக்கு ஒரே அமைப்பில் மார்க்கர் ஒட்டினால் கையெழுத்தும் ஒன்றாகிவிடும். ஒருவரது தொடையிலோ முதுகிலோ ஓர் உருண்டையை இடம் மாற்றி ஒட்டுவது அதற்குத் தீர்வு. பிரித்த பெயரைக் கோப்பிலும் காக்க, மார்க்கர் பெயருக்கு முன்னே ஆளின் பெயரைச் சேர்க்கும் வழக்கம் வந்தது.

2021இல் வெளியான சோமா என்ற கணினி முறை, உடல் மாதிரிகளிலிருந்து செயற்கையாக உருவாக்கிய புள்ளிகளில் பயின்று, விடுபட்டவையும் பொய்ப்புள்ளிகளும் கலந்த கூட்டத்துக்கும் தானே பெயரிட்டது.

முடிவுரை

மாரேயிடம் உடையிலும், செல்ஸ்பாட்டில் நேரத்திலும் இருந்த அடையாளம், இன்று புள்ளிகளுக்கு இடையிலான உறவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தழுவலில் ஒருவரது மணிக்கட்டு மற்றவருடையதாகப் பதிவானால், முன்கையின் நீளம் திடீரென மாறி அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே பதிவுக்கு முன் ஒவ்வொருவரையும் தனியே நிறுத்தி அளக்கும் அந்தச் சில நொடிகளைச் சடங்காகக் கழித்துவிடக் கூடாது. பின்வரும் ஒவ்வொரு பெயருக்கும் அதுவே சான்று.