நுளம்பு மருந்தும் சூல்கொண்ட தாயும்

ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஆறு என்பது இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிக் கிணற்றில் ஊறுவதே அங்கு நன்னீர். நிலத்தில் விழுவது கிணற்றைச் சேரும் என்பது தீவக மக்கள் வழிவழியாக அறிந்த உண்மை. தாயின் உடலுக்கும் இத்தகையதொரு நியதி உண்டென்பதை இலங்கையின் மலேரியா வரலாறு உணர்த்துகின்றது.

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. சூல்கொண்ட மகளிருக்கு அந்நோய் கொடும்பகை; கருச்சிதைவும் நிறை குறைந்த பிறப்பும் அதனால் விளைவன. டி.டி.ரி. என்னும் மருந்து பூச்சிகளைக் கொல்லுமென 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். 1946 முதல் அம்மருந்து இலங்கையில் வீட்டுச் சுவர்களிலே பரவலாகத் தெளிக்கப்பட்டது. 1963இல் நாடெங்கும் காணப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேரே. அம்மருந்தால் உயிர் தப்பிய தாய்மாரும் மகவுகளும் பலராவர்.

சுவரிலே பல மாதம் அழியாது நின்று நுளம்பைக் கொல்லுதலே டி.டி.ரி.யின் சிறப்பு. அச்சிறப்பே அதன் குறையுமாயிற்று. அது நீரிற் கரையாது; கொழுப்பிலே தங்கும். சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் செல்லுந்தோறும் செறிவு மிகும். தாயின் உடலிலே தங்கியது நச்சுக்கொடி வழியே கருவையும், பால் வழியே குழந்தையையும் அடையும். அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை கர்ப்பிணிகளிடம் பெற்றுப் பேணிய குருதி பின்னர் ஆராயப்பட்டது. அம்மருந்தின் எச்சம் மிகுந்திருந்த தாய்மாரிடையே குறைமாதப் பிறப்பு மிகுந்திருந்ததென 2001இல் வெளியான அவ்வாய்வு காட்டியது.

இதற்கிடையே இலங்கையில் தெளிப்புத் தளர்ந்தது. 1967 முதல் நோய் மீண்டும் பெருகியது. நுளம்புகளும் மருந்துக்கு அடங்காதனவாயின. 1977இல் டி.டி.ரி. கைவிடப்பட்டது. நெடுங்காலம் அழியாத நஞ்சுகளை ஒடுக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை 2001இல் உருவாயிற்று. 2005இல் இலங்கையும் அதனை ஏற்றுக்கொண்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அன்று மருந்து தெளித்தோரைப் பழித்தல் அறமன்று. கண்முன் நின்ற சாவையே அவர்கள் தடுத்தனர். தாய்ப்பாலை அஞ்சி விலக்குதலும் தவறு. குழந்தைக்கு அதனிலும் நல்லுணவு இல்லையென்றே மருத்துவர் இன்றும் கூறுவர். விலக்க வேண்டியவை வேறு. வளவுக்குள்ளே பிளாஸ்ரிக் குப்பையை எரிக்கும்போது டயொக்சின் என்னும் நஞ்சு பிறக்கின்றது. அதுவும் டி.டி.ரி.யைப் போலக் கொழுப்பிலே தங்கி, தாய்வழி சேயை அடைவது. கிணற்றடியைத் துப்புரவாகக் காக்கும் தீவக மக்களுக்கு அந்நெருப்பை மூட்டாதிருத்தல் அரிய செயலன்று.